உபகாரச் சம்பளமும் புன்னாகவராளியும்

பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்த் தேவாலயத்தில் கீபோர்டு வாசித்துவரும் 19 வயதுத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டிருக்கும் கேள்விக்கு இது பதில். அவர் பியானோவில் எட்டாம் கிரேடு முடித்திருக்கிறார், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மலேசியத் தேர்வான எஸ்டிபிஎம் எழுதிவிட்டார், ஒரு மிஷன் அமைப்பின் வழியாக ஜெர்மனியில் தேவாலய இசை படிக்க உபகாரச் சம்பளம் கிடைக்கும் நிலையில் இருக்கிறார். "அக்கா, அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்? நம்முடைய கீர்த்தனைகளுக்கு அங்கே மதிப்பு உண்டா? திரும்பி வந்தால் இந்தப் படிப்பு சோறு போடுமா என்று அப்பா கேட்கிறார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்பது அவர் எழுதியதன் சாரம்.

நான் இதே படிப்புக்காக, ஏறத்தாழ இதே வகையான உதவியுடன், 2009ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிழக்கு ஜெர்மனிக்குப் போனவள். ஐந்து ஆண்டுகள் அங்கிருந்துவிட்டுத் திரும்பி, இப்போது பிரிக்பீல்ட்ஸில் பிள்ளைகளுக்குப் பியானோவும் ஆர்கனும் கற்றுக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிக்கிறேன். ஆகவே தம்பி, உங்கள் கேள்விகளில் அப்பாவின் கேள்விக்குத்தான் என்னிடம் மிகக் கசப்பான பதில் இருக்கிறது. கீர்த்தனை பற்றிய கேள்விக்குத்தான் மிக நீண்ட பதில் இருக்கிறது. முதலில் பணத்தைப் பேசிவிடுவோம்.

உபகாரச் சம்பளம் என்ற ஒரே சொல்லின் கீழ் வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் 'ஆர்கன் ஸ்காலர்' என்ற பெருமைக்குரிய பதவி உண்டு. நம் ஊரில் அதைக் கேட்கும் பெற்றோர் படிப்புச் செலவு முழுவதும் கிடைத்துவிட்டதாக எண்ணி உறவினர்களுக்குச் செய்தி சொல்லிவிடுவார்கள். உண்மையில் அது கல்லூரி ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பொறுப்பும் அதற்கான சிறு ஆண்டுத் தொகையுமே. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. இதற்கு நேர் எதிராக அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் திருச்சபை இசை நிலையம், 1973இல் அங்கு நிறுவப்பட்டது, தன் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை முழுமையாக ஏற்கிறது. ஆனால் அது இளங்கலை முடித்தவர்களுக்கான இடம், உங்களுக்கு இப்போது பொருந்தாது. ஜெர்மனியின் நிலைமை வேறு: பெரும்பாலான மாநிலங்களில் அரசு இசைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அதனால் அங்கே உபகாரச் சம்பளம் என்பது பெரும்பாலும் வாழ்க்கைச் செலவுக்கான மாதத் தொகைதான். விசாவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள கணக்கு. உங்களுக்குக் கிடைக்கும் தொகை மாதம் 992 யூரோவுக்குக் குறைந்தால் மிச்சத்தை உங்கள் வீட்டார்தான் முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஓர் அளவுக்கு மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், போட வேண்டியிருக்கும். கடிதத்தில் மாதத் தொகை எவ்வளவு, அது எந்த மாதத்திலிருந்து தொடங்குகிறது, மருத்துவக் காப்புறுதி அதற்குள் அடங்குமா, மொழி படிக்கும் முதல் மாதங்களுக்கும் உண்டா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் விஷயத்தில் தொகை கல்லூரிப் பருவத்துடன்தான் தொடங்கும் என்பது எனக்கு அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மொழி வகுப்பின் ஐந்து மாதங்களை என் அண்ணன் கார் வாங்கச் சேர்த்துவைத்திருந்த பணம் தாங்கியது. கார் வாங்க அவருக்கு இன்னும் நான்கு வருடம் பிடித்தது. அதை ஒவ்வொரு தீபாவளித் திறந்த இல்லத்திலும் அண்ணி நினைவூட்டுவார்.

இன்னொன்று: உபகாரச் சம்பளம் உறுதியாகிவிட்டது என்பதும் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. நுழைவுத் தேர்வு தனியாக இருக்கிறது, அங்கேயே போய் எழுத வேண்டிவரும். ஆர்கன், பியானோ, குரல் மூன்றிலும் வாசித்தும் பாடியும் காட்ட வேண்டும். இசைக் கோட்பாட்டுத் தாள் உண்டு. அவர்கள் பியானோவில் வாசிப்பதைக் காதால் கேட்டு எழுத வேண்டும். பல இடங்களில், இதுவரை பார்த்திராத ஒரு ஞானப்பாட்டின் மெட்டை மட்டும் கையில் கொடுத்து, அந்த இடத்திலேயே நான்கு குரலில் ஹார்மனி சேர்த்து வாசிக்கச் சொல்வார்கள். எட்டாம் கிரேடு பியானோ இதற்கு அடித்தளமே தவிர ஆயத்தம் அல்ல. பியானோ மாணவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் கால். ஆர்கனின் பெடல் பலகையில் வழக்கமாக 30 கட்டைகள் இருக்கும். அவற்றைப் பார்க்காமல், பாஸ் குரலைக் கால்களே தனியாகக் கொண்டுபோக வேண்டும். நம் தேவாலயங்களில் பெரும்பாலும் கீபோர்டுதான் இருப்பதால், பாஸை இடக்கைச் சுண்டுவிரலில் வாசித்தே பழகிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தை உதறுவதற்கே எனக்கு ஓராண்டு ஆனது.

வாழ்க்கை எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு உணவையும் குளிரையும் பற்றி எல்லோரும் சொல்வார்கள்; பாபாஸ் குழம்புத்தூள் இரண்டு கிலோவும் நல்ல உள்ளாடையும் இருந்தால் அவ்விரண்டும் தீர்ந்துவிடும். தீராதது மொழி. கடையிலும் பேருந்திலும் பேசும் ஜெர்மனை ஆறு மாதத்தில் பிடித்துவிடலாம். இசை வகுப்பின் ஜெர்மன் வேறு. ஒரே ஒரு எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நாம் 'பி' என்று சொல்லும் சுரத்தை அவர்கள் 'ஹா' என்கிறார்கள். நாம் 'பி ஃப்ளாட்' என்பதைத்தான் அவர்கள் 'பே' என்கிறார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் தன் பெயரின் நான்கு எழுத்துகளையே (B-A-C-H) ஒரு மெட்டாக எழுத முடிந்தது இந்த வழக்கத்தால்தான். எனக்கு இது புத்தகத்தில் தெரியும், காதில் தெரியாது. முதல் பருவத் தேர்வில் ஆசிரியர் தொடக்கச் சுரத்தைச் சொன்னபோது 'பே' என்பதை 'பி' என்றே எழுதி, அதன் மேல் எட்டுச் சுர வரிசைகளையும் பிழையில்லாத இடைவெளிகளோடு, முழுவதும் அரைச்சுரம் தள்ளி, எழுதிக் கொடுத்தேன். தேறவில்லை. எல்லா இடைவெளிகளும் சரியாக இருக்கின்றனவே என்று வாதாடிப் பார்த்தேன், கல்லூரி அசையவில்லை. அன்று அழுதேன். இன்று யோசித்தால், சுருதி எங்கே இருந்தாலும் ச-வைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடும் நம் காதின் பழக்கம்தான் அந்தத் தாளில் இருந்தது. அது ஒரு திறமை என்று சொல்ல அன்று எனக்கு வார்த்தை இல்லை.

பயிற்சி நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரியில் உள்ள ஆர்கன்களைப் பிள்ளைகள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். புதிதாக வந்தவளுக்கு விடியற்காலையோ இரவு பத்து மணியோதான் கிடைக்கும். அதனால் ஊரிலுள்ள தேவாலயங்களில் சாவி வாங்கிக்கொண்டு வாசிப்போம். வார நாட்களில் அவற்றைச் சூடாக்க மாட்டார்கள். 2010 டிசம்பரில் அந்த நாடு முழுவதும் கடும் பனி கொட்டியது. நான் விரல் நுனி வெட்டிய கையுறையோடு உட்கார்ந்து பாஹ் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிறிஸ்துமசுக்கு முந்தைய மாலை மட்டும் மூன்று ஆராதனைகளுக்கு வாசித்தேன். நம் ஊரில் அதே நேரம் பாடகர் குழு வேனில் ஏறி, வீடு வீடாகக் கேரல் பாடி, கடைசி வீட்டில் மீகூனும் சாயாவும் குடித்துக்கொண்டிருப்பார்கள் என்பது தெரிந்ததால், மூன்றாவது ஆராதனையின் கடைசிப் பாட்டை நான் எப்படி வாசித்தேன் என்பது இப்போதும் நினைவில்லை.

ஒரு கிறிஸ்தவப் பிள்ளையாக உங்களை அதைவிட உலுக்கப்போவது வேறு. கிழக்கு ஜெர்மனியில் பெரும்பான்மை மக்கள் எந்தத் திருச்சபையையும் சேர்ந்தவர்கள் அல்லர். லூத்தர் பிறந்து, பிரசங்கித்து, இறந்த மண் அது. ஞாயிறு ஆராதனையில் பதினைந்து முதியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அதே தேவாலயத்தில் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளைப் பற்றிய பாஹின் இசையைப் பாட எண்பது பேர் கொண்ட பாடகர் குழு நிற்கும், கேட்க இடமிருக்காது, முடிந்ததும் யாரும் கைதட்ட மாட்டார்கள், மணி அடிக்கும் வரை அமைதியாக இருந்து எழுந்து போவார்கள். என் பக்கத்தில் ஆல்டோ பாடிய பல்மருத்துவர் அம்மாவிடம், "நீங்கள் விசுவாசியா?" என்று மலேசியத் தமிழ்ப் பெண்ணுக்குரிய வெள்ளந்தித்தனத்தோடு கேட்டேன். "இல்லை, ஆனால் இதைப் பாடாமல் என்னால் இருக்க முடியாது" என்றார். இதைக் கேட்டு அவர்களைத் தாழ்வாக நினைக்காதீர்கள், உங்கள் விசுவாசத்தைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். ஆனால் ஞாயிறு பள்ளியில் கற்ற பதில்களோடு மட்டும் அங்கே போய் நின்றால் வாயடைத்துப்போவீர்கள்; நான் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

சேலை விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. உதவி செய்யும் அமைப்புகள் தங்கள் நன்கொடையாளர்களுக்குப் பயனாளிகளைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஏதாவது ஒரு சபையின் மாலைக் கூட்டத்துக்குச் சேலை கட்டிக்கொண்டு வரச்சொல்வார்கள்; "இந்தியாவிலிருந்து வந்த சகோதரி" என்று அறிமுகம் செய்வார்கள்; மலேசியா என்று நான் திருத்துவேன்; "உங்கள் நாட்டுப் பாட்டு ஒன்று பாடுங்கள்" என்பார்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அங்கே பாடும்போது நம் கீர்த்தனை, படங்களுக்கும் கேக்குக்கும் நடுவே வைக்கப்படும் ஓர் அலங்காரப் பொருளாகிவிடும். தம்பி, நீங்கள் கேட்ட மதிப்பு இது அல்ல என்று நினைக்கிறேன். மதிப்பு வேறோர் இடத்தில் கிடைக்கும். அதைப் பெற்றுக்கொள்ள நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில், ஹார்மனி வகுப்புக்கு ஒவ்வொருவரும் தம் சொந்தத் திருச்சபையின் மெட்டு ஒன்றை நாற்குரலில் அமைத்துக் கொண்டுவர வேண்டும் என்றார் ஆசிரியர். கொரிய மாணவர்கள் இருவர் தங்களுடையதைக் கொண்டுவந்தார்கள். நான் அம்மா கொடுத்தனுப்பிய கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து, பாட்டி வழக்கமாகப் பாடும் ஒரு கீர்த்தனையைத் தேர்ந்தெடுத்தேன். அதன் தலையில் 'புன்னாகவராளி, ஆதி தாளம்' என்று அச்சாகியிருந்தது. அந்தச் சொற்களை நான் சிறுவயதிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் பார்த்திருக்கிறேன். பாட்டு எண்ணைப் போல அதுவும் ஓர் அடையாளம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் தேவாலயத்தில் அதற்கு மைனர் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) போட்டு வாசிப்போம், அப்படியே அமைத்தேன். இரண்டாம் சுரம் மைனர் வரிசையில் இருக்க வேண்டியதைவிடத் தாழ்வாக இருந்து கார்டோடு மோதியது. அது பாட்டியின் முதுமைத் தொண்டையில் வந்த பிசகு என்று முடிவுகட்டி அரைச்சுரம் ஏற்றித் 'திருத்தினேன்'. ஆசிரியர் வாசித்துப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் எழுதினார்: இந்த மெட்டின் ஆதார சுரம் எது? மெட்டு ஏன் ஒருமுறைகூட மேல் ஆதார சுரத்தைத் தொடவில்லை? இரண்டாம் சுரம் பாடும்போது இப்படித்தானா? மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. மதிப்பெண்ணும் அதற்கேற்பத்தான் வந்தது.

கர்நாடக இசை இரண்டு வருடம் கற்ற எந்தக் குழந்தையும் அந்தப் பதில்களைச் சொல்லிவிடும். புன்னாகவராளி என்ற ராகம் எட்டாவது மேளமான, அதாவது தாய் ராகமான, அனுமத்தோடியில் பிறந்தது. அதன் இரண்டாம் சுரமான ரிஷபம் சுத்த ரிஷபம், அதாவது தாழ்ந்ததேதான், பாட்டியின் தொண்டை பிசகவே இல்லை. அது நிஷாதாந்திய ராகம்; ஏழாம் சுரமான நிஷாதத்தில் முடியும், கீழ் நிஷாதத்துக்கும் மேல் நிஷாதத்துக்கும் இடையிலேயே உலவும், மேல் ச-வுக்குப் போகாது. தாளில் ஆசிரியர் கேட்ட மூன்றும் அந்த ராகத்தின் இலக்கணத்தையே கேட்ட கேள்விகள். அவற்றைக் கேட்கும் அளவுக்கு அவருக்குக் காது இருந்தது. சொல்லும் அளவுக்கு எனக்கு அறிவு இல்லை.

இது அத்தோடு முடியவில்லை. அடுத்த பருவத்தில் அதே ஆசிரியர் ஃபிரிஜியன் என்ற பழைய ஐரோப்பியச் சுர வரிசையில் அமைந்த பழைய ஞானப்பாட்டுகளை எடுத்தார். முதல் எடுத்துக்காட்டு, நம் ஞானப்பாட்டுப் புத்தகமான பாமாலையில் 'இரத்தம் காயம் குத்தும்' என்று தொடங்கும் பெரிய வெள்ளிப் பாட்டின் மெட்டு. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் அதை ஒரு காதல் பாட்டுக்காக எழுதினார். பிறகு பவுல் கெர்ஹார்ட் 1656இல் எழுதிய பாடுகளின் கவிதை அதில் ஏறிக்கொண்டது. பாஹ் தன் மத்தேயு பாடுகளில், 1727இல் லைப்சிக்கில் முதலில் பாடப்பட்டது, அந்த மெட்டை ஐந்து முறை வைத்திருக்கிறார். கிறிஸ்து உயிர்விட்ட உடனே வரும் ஐந்தாவது முறையில் மட்டும் ஹார்மனி வழக்கமான முடிவுக்கு வராமல், ஃபிரிஜியன் வழக்கப்படி ஒரு தொங்கலில் நிற்கிறது. ஆசிரியர் முதல் அடியை வாசித்தார். நான் என்னையறியாமல் வாய்க்குள் சுரம் சொன்னேன்: ச ம க ரி ச நி ச. ரி தாழ்ந்திருந்தது. அனுமத்தோடியின் அதே ஏழு சுரங்கள். கீழ் நிஷாதத்துக்கு ஒரு முறை இறங்கித் திரும்புவதும் நான் 'திருத்திய' பாட்டில் இருந்ததுதான். சிறுவயதில் பாமாலை ஒரு பக்கம், கீர்த்தனை ஒரு பக்கம் என்று பிரித்துவைத்து, ஒன்று ஆர்கனுக்கு, மற்றது ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் என்று நாம் பழகியிருக்கிறோம். அந்த வகுப்பில் இரண்டும் என் காதுக்குள் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'தோடியும் ஃபிரிஜியனும் ஒன்றே' என்று மேடையில் பேசிக் கைதட்டு வாங்கிவிடாதீர்கள். சுர வரிசை ஒன்றுதான், ராகம் வேறு. தோடியின் மூன்றாம் சுரமான காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டிருக்கும். ஆர்கன் குழாய் ஒருமுறை ஊதத் தொடங்கினால் அசையாது. அந்த அசைவைக் கார்டுகளால் மூடினால் ராகம் செத்துவிடும் என்பது என் முடிவு. அதனால்தான் இப்போது கீர்த்தனைகளுக்கு வாசிக்கும்போது ச-ப இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு மெட்டை மக்கள் குரலுக்கே விட்டுவிடுகிறேன். நம் இளையோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை, வெறுமையாக இருக்கிறது என்கிறார்கள்.

அந்த விடுமுறையில் ஹாலே நகருக்குப் போனேன். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு படித்த ஊர். அங்குள்ள ஃபிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் அந்த மிஷனின் கடிதங்களும் இருக்கின்றன. இசையமைப்பாளர் ஹாண்டல் பிறந்ததும் அங்கேதான், 1685இல். சந்தைத் தேவாலயத்தில் 1664ஐச் சேர்ந்த ஒரு சிறு ஆர்கன் உண்டு. ஹாண்டலின் ஆசிரியர் சாஹோ பணியாற்றிய தேவாலயம் அது. அந்த ஆர்கன் இன்றைய பியானோவைப் போல எல்லா அரைச்சுரங்களையும் சமமாகப் பகுத்துச் சுருதி சேர்த்ததல்ல; சில கார்டுகள் தேனாக இருக்கும், சில ஊளையிடும். தேனாக இருந்த கார்டில் ஒலித்த காந்தாரத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்: தம்புராவின் ச தந்தியை மீட்டும்போது யாரும் வாசிக்காமலே அதற்குள்ளிருந்து எழும் அந்தர காந்தாரம் அது. பியானோவின் காந்தாரம் அதைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயரம். ஒரு அரைச்சுரம் 100 சென்ட் என்று கொண்டால் அது காதுக்கு நன்றாகவே தெரியும் வித்தியாசம். இந்தச் சுருதிக் கணக்கைத் தமிழில் ஒரு கிறிஸ்தவரே ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதிவைத்திருக்கிறார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர், சித்த மருத்துவர், 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் கருத்தை முன்வைத்தவர், அடுத்த ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். அவர் முடிவுகளை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இருபத்து நான்கு வயது வரை தமிழ்த் தேவாலயத்தில் இசை வாசித்த எனக்கு அவர் பெயரே தெரியாமல் இருந்ததை நான் இன்னும் மன்னித்துக்கொள்ளவில்லை. தஞ்சையிலேயே அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் வேதநாயகம் சாஸ்திரியார், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னருடன் படித்துப் பழகி, கிறிஸ்தவக் கருப்பொருளைக் குறவஞ்சியாகவே பாடினார் என்பதை மட்டும் ஞாயிறு பள்ளியில் ஒரு வரியாகக் கேட்டிருந்தேன்.

ஆகவே கீர்த்தனைகளுக்கு அங்கே மதிப்பு உண்டா என்றால், உண்டு. ஆனால் அவற்றைப் பற்றிப் பேசத் தெரிந்தவருக்குத்தான். பாஹைப் பாஹின் ஊரில் கற்றுக்கொடுப்பார்கள். புன்னாகவராளியை உங்களிடம்தான் கேட்பார்கள். ஆசியத் தேவாலய இசையை ஆசிய இசையின் இலக்கணத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று பிரான்சிஸ்கோ பெலிசியானோ மணிலாவில் 1980இல் ஒரு நிலையத்தையே தொடங்கினார். என் காலத்தில் யாராவது எனக்கு அதைச் சொல்லியிருந்தால் முதலில் அந்தப் பக்கம் ஓராண்டு போய்விட்டுப் பிறகு ஜெர்மனிக்குப் போயிருப்பேன்.

இப்போது அப்பாவின் கேள்வி. ஜெர்மனியில் தேவாலய இசை ஒரு தொழில். இளங்கலை எட்டுப் பருவம் முடித்தால் 'பி' தரப் பணிக்கும், மேலும் நான்கு பருவம் முதுகலை படித்தால் 'ஏ' தரப் பணிக்கும் தகுதி. பாடகர் குழு, சிறுவர் குழு, பித்தளை வாத்தியக் குழு, ஆராதனை, கச்சேரி எல்லாவற்றுக்கும் பொறுப்பான கான்டருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. மலேசியத் தமிழ்த் தேவாலயங்களில் அப்படி ஒரு நாற்காலியே கிடையாது. நான் கையெழுத்திட்ட ஒப்பந்தம், திரும்பி வந்து மூன்று ஆண்டுகள் திருச்சபைக்குச் சேவை செய்ய வேண்டும் என்றது. சம்பளம் எவ்வளவு என்று சொல்லவில்லை, சம்பளம் உண்டு என்றுகூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்பது விசுவாசக் குறைவாகத் தோன்றியது. திரும்பியபோது கமிட்டியில் ஆட்கள் மாறியிருந்தார்கள். பெட்ரோல் காசாக மாதம் ஒரு தொகை கொடுத்தார்கள். வாரத்தில் நான்கு மாலை அங்கே போனதால் வீட்டில் மாணவர்களைச் சேர்க்கவும் முடியவில்லை. மூன்று ஆண்டும் அப்படிப் போயிற்று. இப்போது என் வருமானத்தில் பெரும் பங்கு கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்வதிலிருந்தும், பள்ளிப் பாடகர் குழுக்களிலிருந்தும், திருமண ஆராதனைகளிலிருந்தும் வருகிறது. குடும்பம் நடத்தப் போதும். அதற்குள் தேவாலய இசைப் பட்டம் எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டால், கைகளிலும் காதிலும் இருக்கிறது, சம்பளச் சீட்டில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அரசுப் பணிக்கு அந்தப் பட்டம் செல்லுமா என்பதை, ஜெர்மனிக்குப் போவதற்கு முன்பே, உரிய அரசுத் துறையிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன், சேவை ஒப்பந்தத்தில் நான்கு சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எங்கே, எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம், உடைத்தால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஞாயிறுகளில் மாற்று ஆர்கனிஸ்டாக வாசித்துச் சம்பாதிக்க அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள்; எனக்கு மளிகைச் செலவைத் தாங்கியது அந்தப் பணம்தான். போதகர் ஐயா கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். அப்பாவையே கூட அழைத்துப்போய்க் கேட்கச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் பெரியவர்கள் கேட்டால் பதில் நேராக வரும்.

இன்னும் ஓராண்டு கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மன் மொழியை இப்போதே தொடங்குங்கள். கோலாலம்பூரில் கோத்தே நிலையம் இருக்கிறது. பெடலுக்கு ஆர்கன் தேடி அலைய வேண்டியதில்லை: உங்கள் பக்கத்துத் தீவிலேயே, ஜார்ஜ் டவுன் ஃபார்க்குவார் சாலையில் அசம்ப்ஷன் தேவாலயத்தில் குழாய் ஆர்கன் இருக்கிறது, அனுமதி கேட்டுப் பாருங்கள். கோலாலம்பூருக்கு வரும்போது சொல்லுங்கள்; செயின்ட் மேரி பேராலயத்தில் 1895ஆம் ஆண்டு ஹென்றி வில்லிஸ் ஆர்கனைக் கேட்கலாம், இரட்டைக் கோபுரத்தில் 1998இல் திறந்த பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் அரங்கில் 2,977 குழாய்கள் கொண்ட கிளைஸ் ஆர்கன் கச்சேரிக்கும் போகலாம். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கர்நாடக இசை ஆசிரியரிடம் வாரம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கீர்த்தனைப் புத்தகத்தைக் கொண்டுபோய், மேலே அச்சான ராகத்தில்தான் நம் மக்கள் பாடுகிறார்களா என்று அவரிடம் கேளுங்கள். பல பாட்டுகளில் இல்லை என்பார். அப்போது உங்கள் தேவாலயத்தில் யாருக்கு மிகவும் வயதாகியிருக்கிறதோ அந்தப் பாட்டியிடம் போய், கீபோர்டு இல்லாமல் பாடச்சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை பாடச் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டாம் முறைதான் அவர்கள் கூச்சம் விட்டுப் பாடுவார்கள். என் பாட்டி நான் போன மூன்றாம் ஆண்டில் இறந்துவிட்டார். அந்தப் புன்னாகவராளியின் ரிஷபம் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பதை இப்போது என் நினைவிலிருந்து மட்டுமே சொல்ல முடிகிறது.

காலணி பற்றி மறந்துவிட்டேன். ஆர்கன் வாசிக்க மெல்லிய தோல் அடியும் சிறு குதிகாலும் உள்ள காலணி வேண்டும். இங்கே தேடி நேரத்தை வீணாக்காமல் அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவரை பழைய பள்ளிக் காலணியே போதும்.